உறைந்த நீரும் பிளந்த இரும்பும்: பழைய டிராக்டர் எஞ்சின்களைக் காக்கும் வழிகள் பற்றிய ஓர் ஆய்வு

நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சின் உழவுத் தொழிலுக்குள் புகுந்த காலம் முதற்கொண்டே, கடுங்குளிர் நாடுகளில் வாழும் உழவர்களையும் பட்டறைக்காரர்களையும் ஒரு கேள்வி விடாமல் தொடர்ந்து வந்திருக்கிறது. எஞ்சினுக்குள் தங்கிய நீர் ஓர் இரவில் உறைந்து வார்ப்பிரும்பைப் பிளந்துவிட்டால், அந்தப் பிளவை அடைத்து எஞ்சினை மறுபடியும் ஓடச் செய்ய முடியுமா, முடியுமென்றால் எந்த வழியால், அவ்விபத்தை முன்கூட்டியே தடுப்பதற்கு உகந்த உபாயம்தான் எது என்னும் மூன்று கிளைகளாக அக்கேள்வி விரிகிறது. புதிய இயந்திரங்களைப் பொறுத்தவரை அது ஏறக்குறையத் தீர்ந்துபோன விஷயம். தொழிற்சாலையிலேயே உறைதடுப்புத் திரவத்தை நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் 1917இல் வெளிவந்த ஃபோர்ட்சன் எஃப், 1930களின் ஜான் டியர் இரட்டைச் சிலிண்டர் வண்டிகள், ஃபார்மால் வரிசை, 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் தயாரான ஃபெர்குசன் டி.இ.20 ஆகியவை இன்று மினசோட்டாவின் ராலாக், மானிடோபாவின் ஆஸ்டின் போன்ற ஊர்களின் பழம்பொறிக் கண்காட்சிகளிலும் தனியார் கொட்டகைகளிலும் பாதுகாக்கப்பட்டு, வருஷத்தில் சில நாட்களே ஓடி, எஞ்சிய காலமெல்லாம் அசைவின்றி நிற்கின்றன. ஓடாமல் நிற்கும் எஞ்சினுக்குத்தான் பனி பெரும் பகை. ஆகவே பழைய கேள்வி இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

நீர் இரும்பைப் பிளக்கும் விதம்

உறையும் நீரின் வலிமையை அளந்தறியும் முயற்சி டிராக்டருக்கு மிகவும் முந்தியது. ஃபிளாரன்ஸ் நகரத்து அறிஞர் குழுவினர் 1667இல் வெளியிட்ட பரீட்சைத் தொகுப்பில் உலோகக் கோளங்களை உறைநீரால் பிளந்த செய்தி உண்டு. அவற்றைவிட நம் விஷயத்துக்கு நெருங்கியவை, கனடாவின் கியூபெக் நகரில் பீரங்கிப் படை அதிகாரியாயிருந்த எட்வர்ட் வில்லியம்ஸ் என்பவர் 1784, 1785 ஆகிய ஆண்டுகளில் செய்த பரீட்சைகள். உள்ளே கூடான இரும்பு வெடிகுண்டுகளில் நீரை நிரப்பி, வாய்க்கு இரும்பு முளையை அறைந்து, இரவுக் குளிரில் அவர் வெளியே வைத்தார். சில குண்டுகளில் முளை தெறித்து 400 அடிக்கும் மேற்பட்ட தூரத்தில் போய் விழுந்தது. முளை அசையாமல் பிடித்துக்கொண்ட மற்றவற்றில் குண்டே பிளந்து, பிளவின் வழியே பனிக்கட்டித் தகடு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இவ்விரண்டு விளைவுகளுக்கும் பின்னால் நாம் திரும்பி வரவேண்டியிருக்கும்.

நீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறக்குறைய 9 சதவீதம் பெருகுகிறது என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். அதிகம் அறியப்படாதது, அந்தப் பெருக்கத்தைத் தடுத்தால் எழும் அழுத்தம் எவ்வளவு என்பது. பூஜ்யத்துக்குக் கீழே தொடக்கத்தில் ஒவ்வொரு டிகிரி சென்டிகிரேடுக்கும் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 130 கிலோகிராம் வீதம் அது ஏறிச் சென்று, கழித்தல் 22 டிகிரியை எட்டும்போது 2,000 கிலோகிராமைத் தாண்டிவிடும். இருபது சென்டிமீட்டர் உயரமும் முப்பது சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு நீருறையின் (சிலிண்டர்களைச் சுற்றி நீர் தங்கும் உறையின்) சுவரின்மீது, ஒரே ஒரு டிகிரி குளிரில், தப்ப வழியில்லாமல் அடைபட்ட நீர் தரக்கூடிய தள்ளுவிசையைக் கணக்கிட்டால் 78 டன் வருகிறது. அந்தச் சுவரோ பெரும்பாலும் அரை சென்டிமீட்டர் கனமுள்ள தட்டையான வார்ப்பிரும்பு, வளையத் தெரியாதது. எனவே கடுங்குளிர்தான் எஞ்சினை உடைக்கும், இலேசான பனி ஒன்றும் செய்யாது என்ற பாமர நம்பிக்கைக்குப் பௌதிக சாஸ்திரத்தில் ஆதாரமில்லை. சஸ்காட்செவான் மாகாணத்தில் கழித்தல் முப்பது டிகிரி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருப்பதால் முன்னேற்பாடும் இருக்கிறது. தென் இங்கிலாந்தைப் போல எப்போதாவது உறைபனி எட்டிப் பார்க்கும் பிரதேசங்களில்தான், ஒருவரும் எதிர்பாராத ஒரு நவம்பர் இரவு பல எஞ்சின்களை ஒருங்கே பழிவாங்கிவிடுகிறது என்று ஊகிக்க இடமுண்டு.

ஆயினும் ஒரு நிபந்தனையை மறக்கலாகாது. நீர் நான்கு புறமும் அடைபட்டிருந்தால் மட்டுமே மேற்சொன்ன அழுத்தம் பிறக்கும். திறந்த பாத்திரத்தில் உறையும் நீர் மேல்நோக்கி எழும்பித் தப்பித்துக்கொள்கிறது. எஞ்சினில் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் இணைப்புக் குழல்களும் வெளிச்சுவரும் முதலில் உறைந்து, சிலிண்டர்களுக்கு நடுவேயுள்ள நீரை ஒரு பனிக்கட்டிச் சிறைக்குள் பூட்டிவிடுகின்றன. பிறகு நடுநீர் உறையத் தொடங்கும்போது, எஞ்சிய நீரின் அழுத்தம் பலவீனமான சுவரைத் தேடிச் செல்கிறது. பனிக்கட்டி நேராக உராய்ந்து தள்ளி உடைக்கிறது என்று ஒரு சாராரும், அகப்பட்ட நீரே உடைக்கிறது என்று மற்றொரு சாராரும் கூறிவந்திருக்கிறார்கள். குழாய்களைப் பொறுத்தவரை பின்னவர் பக்கமே சான்று மிகுதி. எஞ்சினின் சிக்கலான உட்குழிவுகளில் இரண்டும் கலந்தே நிகழக்கூடும்.

விரிசல் தோன்றும் இடங்கள்

மிகச் சாதாரணமாகக் காணப்படுவது பிளாக்கின் பக்கச்சுவரில் கிடைமட்டமாக ஓடும் நீண்ட விரிசல். பழைய வண்டியை விலைக்கு வாங்கப் போகிறவர்கள் முதலில் அங்கேதான் விரலால் தடவிப் பார்க்கிறார்கள். வர்ணத்துக்கு அடியில் மயிரிழை போன்ற ஒரு மேடோ, சுற்றியுள்ள இடத்தைவிட ஒரு நிறம் மாறித் தெரியும் துருக்கோடோ இருந்தால் பேரம் அத்துடன் நின்றுபோகும், அல்லது விலை பாதியாகும். வெளிச்சுவர் உடைந்தால் அது அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். சிலிண்டரின் உட்சுவர், வால்வு இருக்கை, சிலிண்டர் ஹெட்டின் உட்புறம் ஆகியவை வெடித்தால் வெளியே ஒன்றும் தெரியாது. எஞ்சின் ஓடிச் சூடானபின் நீர் எண்ணெயோடு கலந்து பால்நிறக் குழம்பாகிக் காட்டிக்கொடுக்கும்போதுதான் உண்மை வெளியாகும்.

நீர்ச்சுற்றுக்கு அப்பாற்பட்ட இடங்களும் உண்டு. நிமிர்ந்து நிற்கும் புகைபோக்கிக் குழாயின் வழியே மழைநீர் இறங்கிச் சிலிண்டருக்குள் தங்கி உறைவதுண்டு. அதனால்தான் அக்குழாயின் தலையில் ஒரு பழைய தகரக் குவளையைக் கவிழ்த்து வைப்பது பண்ணைதோறும் வழக்கமாயிற்று. கியர்பெட்டியின் அடியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த ஈரம் எண்ணெய்க்குக் கீழே படிந்து உறைந்து, அப்பெட்டியையே பிளந்த சந்தர்ப்பங்களும் உண்டு. ஃபோர்ட்சன் எஃப் வண்டியிலோ, காற்றிலுள்ள தூசியை நீரில் கழுவி உள்ளே அனுப்பும் ஒரு தொட்டி தனியாக இருந்தது; ரேடியேட்டரை ஒழுங்காக வற்றடித்துவிட்டு இத்தொட்டியை மறந்தவர்கள் எத்தனை பேரோ!

விரிசலின் எல்லையை அறிவதற்குப் பழைய பட்டறைகளில் மண்ணெண்ணெயும் சீமைச்சுண்ணாம்புப் பொடியுமே போதுமானவையாக இருந்தன. மண்ணெண்ணெயைத் தடவி, சற்று நேரம் ஊறவிட்டு, மேற்பரப்பை நன்றாகத் துடைத்துப் பொடியைப் பூசினால், விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் கசிந்து வெண்பூச்சில் ஒரு ஈரக்கோட்டை வரைந்து காட்டும். பிற்காலத்தில் காந்தத் துகள் பரிசோதனையும் அழுத்தப் பரிசோதனையும் வந்தன. எந்த முறையைக் கையாண்டாலும், கண்ணுக்குத் தெரிவதைவிட விரிசல் சற்று நீளமாகவே இருக்கும் என்பது இத்துறையில் ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொள்ளும் சில விஷயங்களில் ஒன்று.

மூடிகள் காக்குமா?

பிளாக்கின் பக்கங்களில் வட்டமான சிறு தகட்டு மூடிகள் அறையப்பட்டிருப்பதைக் காணலாம். நீர் உறையும்போது இவை தெறித்து வெளியேறி எஞ்சினைக் காப்பாற்றுவதற்கென்றே வைக்கப்பட்டவை என்னும் நம்பிக்கை வட அமெரிக்கப் பண்ணைகளில் வேரூன்றியது. வார்ப்புத் தொழில் அறிந்தவர்கள் இதை மறுத்தார்கள். நீருறையின் குழிவை உண்டாக்க அச்சுக்குள் வைத்த மணற்கருவைத் தாங்குவதற்கும், வார்த்தபின் அம்மணலை வெளியே எடுப்பதற்கும் விடப்பட்ட துவாரங்களே அவை. மூடி என்பது துவாரத்தை அடைக்கும் பொருளேயன்றிப் பாதுகாப்புக் கருவியன்று என்பது அவர்கள் வாதம்.

வாதம் சரிதான், ஆனால் நம்பிக்கை முழுவதும் பொய்யென்றும் சொல்ல முடியாது. வில்லியம்ஸின் குண்டுகளில் முளை தெறித்தவை பிழைத்தன, தெறிக்காதவை பிளந்தன அல்லவா? அவ்வாறே அகப்பட்ட நீர் மூடியின் அருகிலேயே இருந்து, மூடியின் பிடிப்பும் சுவரின் வலிமையைவிடக் குறைவாக இருந்தால், மூடி முந்திக்கொள்ளும். நீர் வேறோர் அறையில் பனிக்கட்டியால் பூட்டப்பட்டிருந்தால், மூடி தன் இடத்தில் சுகமாக உட்கார்ந்திருக்கச் சுவர் பிளக்கும். துருவேறி இறுகிய எழுபது வயது மூடியிடமிருந்து அத்தகைய உபகாரத்தை எதிர்பார்ப்பது விவேகமாகாது. மூடி வெளியே வந்திருக்கக் கண்டு, எஞ்சின் தப்பியது என்று மகிழ்ந்து, மேலும் சோதிக்காமல் விட்டுவிடுவதும் அதே போன்ற தவறு. மூடியும் போய்ச் சுவரும் போன எஞ்சின்கள் உண்டு.

நீரை இறக்கிவிடும் கட்சி

தடுப்பு முறைகளில் மிகப் பழமையானதும் செலவில்லாததும் ஒவ்வொரு மாலையும் நீரை முழுவதும் இறக்கிவிடுவது. 1920களில் ஃபோர்ட்சன் வண்டிகளையும் அவற்றின் சாயலில் தாமே தயாரித்தவற்றையும் பெருவாரியாகப் பயன்படுத்திய சோவியத் நாட்டிலும், கனடாவின் புல்வெளி மாகாணங்களிலும் இதுவே நெடுங்காலம் நடைமுறையாக இருந்தது. நீரே இல்லாத இடத்தில் உறைவதற்கு என்ன இருக்கிறது என்னும் தர்க்கம் மறுக்க முடியாதது போலத் தோன்றும்.

மறுப்பு தர்க்கத்தில் இல்லை, குழாய்முனையில் இருக்கிறது. பிளாக்கின் அடியிலுள்ள வடிகால் திருகு, நீருறையில் பல்லாண்டுகளாகப் படிந்த துருவும் சுண்ணாம்பும் வார்ப்பு மணலும் கலந்த சேற்றுக்குள் புதைந்து கிடக்கிறது. திருகைத் திறந்தால் நான்கு துளி விழுந்து நின்றுவிடுகிறது. நீரெல்லாம் வற்றிவிட்டது என்று திறந்தவர் எண்ணிக்கொண்டு போய்விடுகிறார். உள்ளே ஒரு சாணுக்கு நீர் நிற்கிறது. ஆகவே அனுபவசாலிகள் திருகைத் திறப்பதோடு நில்லாமல், அதைக் கழற்றியே எடுத்துவிட்டு, துவாரத்துக்குள் ஒரு கம்பியை விட்டுக் குடைந்து, நீர் பீறிட்டு வருவதைக் கண்ணால் கண்டு, அது ஓய்ந்தபின் இறங்கிய நீரின் அளவையும் ஒத்துப் பார்க்கவேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். ரேடியேட்டரின் திருகு ஒன்று, பிளாக்கின் திருகு மற்றொன்று. ஒன்றைத் திறந்தால் இரண்டும் வற்றும் என்று கருதுவது அடிக்கடி நேரும் தவறு. வண்டி ஏறுமுகமாக நின்றால் ஒரு மூலையில் நீர் தேங்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போதே இறக்கிவிட்டால் மிஞ்சிய ஈரமும் ஆவியாகும்.

இம்முறைக்கு வேறு சில குறைகளும் உண்டு. வெறுமையான நீருறையில் ஈரக்காற்று புகுந்து நீர் இருந்த காலத்தைவிட வேகமாகத் துருவை வளர்க்கிறது என்பது ஒன்று. நீரில்லாத எஞ்சினை மறதியால் ஓட்டிக் கெடுப்பது மற்றொன்று; அதற்காகவே ஸ்டியரிங் சக்கரத்தில் ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். காலையில் மறுபடி நிரப்புவதிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. குளிர்ந்து விறைத்த இரும்பில் கொதிநீரை ஊற்றினால் உஷ்ண வேறுபாட்டால் வெடிக்கலாம். பச்சைநீரை ஊற்றினாலோ, பம்ப் இன்றி, சூடான நீர் தானாக மேலேறிச் சுற்றும் இயல்பையே நம்பியிருக்கும் ஃபோர்ட்சன் போன்ற வண்டிகளில், எஞ்சின் சூடாகிச் சுற்றோட்டம் தொடங்குவதற்கு முன்னரே ரேடியேட்டரின் அடிப்பகுதி உறைந்துவிடும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரேடியேட்டர் உறைவது கேட்பதற்கு விசித்திரமாயினும், முன்புறத்தைக் கம்பளியாலோ திரையாலோ மூடிக்கொண்டு கிளப்பும் வழக்கம் இதனால்தான் வந்தது.

நீருக்கு மாற்று தேடியவர்கள்

நீரையே கைவிட்டுவிடலாம் என்று எண்ணியவர்கள் இருபதாம் நூற்றாண்டு நெடுகிலும் பலராயினும், அவர்களுள் மிகத் துணிந்தவர்கள் ஆரம்ப காலத்தவரே. அயோவா மாகாணத்து ஹார்ட்-பார் நிறுவனமும், இண்டியானா மாகாணத்தில் லா போர்ட் நகரிலிருந்த அட்வான்ஸ்-ரூம்லி நிறுவனமும் தம் பெரிய டிராக்டர்களை எண்ணெயால் குளிர்வித்தன. ரூம்லியின் ஆயில்புல் வண்டி 1910 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விற்பனையில் இருந்தது. எண்ணெய் உறைந்து இரும்பை உடைப்பதில்லை, கொதிப்பதும் அரிது, துருவையும் வளர்ப்பதில்லை. மண்ணெண்ணெயை எரிக்கும் எஞ்சின் உஷ்ணமாக இருக்கவேண்டிய அவசியத்துக்கும் அது ஒத்துவந்தது. குறை என்னவென்றால், எண்ணெய் நீரளவுக்கு வெப்பத்தை ஏந்திச் செல்லாது. ஆகவே ஒரு சிறு வீட்டின் கூண்டு போன்ற பெரிய குளிர்விப்புக் கோபுரத்தை வண்டியின் முன்னால் சுமக்க நேர்ந்தது. வண்டிகள் இலகுவாகிக்கொண்டு வந்த காலத்தில் அந்தப் பாரம் நிலைக்கவில்லை. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு: எஞ்சின் தட்டாமல் ஓடுவதற்காக எரிகலவையோடு சிறிது நீரைச் சேர்க்கும் ஏற்பாடு ஆயில்புல்லில் இருந்தமையால், உறைபனிக்கு அஞ்சாத அவ்வண்டியிலும் நீர்ப்பாத்திரத்தை வற்றடிக்கும் கடமை மட்டும் ஓட்டுபவரை விட்டுப் போகவில்லை.

மற்றவர்கள் நீரோடு ஏதேனும் ஒன்றைக் கலந்து உறைநிலையைத் தாழ்த்த முயன்றார்கள். கால்சியம் குளோரைடு மலிவு. ஆனால் அது இரும்பையும் ரேடியேட்டரின் ஈயப்பற்றையும் அரித்துத் தின்றது. அந்த உப்புநீர் பிற்காலத்தில் டிராக்டரின் பின்சக்கர டயர்களுக்குள் பாரத்துக்காக நிரப்பப்பட்டு, அங்கே சக்கர வளையங்களை அரிக்கத் தொடங்கியது வேறு கதை. கிளிசரின் விலையுயர்ந்தது. மதுசாரவகைகளே 1920களில் பெருவழக்காயின. அவற்றின் குறை அடிப்படையானது: மெத்தனால் 65 டிகிரியிலும் எத்தனால் 78 டிகிரியிலும் கொதிக்கின்றன; மண்ணெண்ணெய் எஞ்சினோ அதற்கு மேற்பட்ட உஷ்ணத்தில்தான் ஒழுங்காக ஓடும். பகல் உழைப்பில் சாராயம் ஆவியாய்ப் போய்விட, இரவில் வெறும் நீர் உறைந்தது. பாதுகாப்பு இருப்பதாக நம்பிய உழவரின் வண்டி, பாதுகாப்பே இல்லை என்று அறிந்தவரின் வண்டியைவிட எளிதில் உடைந்திருக்கக்கூடும்.

எத்திலீன் கிளைக்காலை வூர்ட்ஸ் என்னும் பிரெஞ்சு ரசாயன அறிஞர் 1850களிலேயே தயாரித்திருந்தபோதிலும், அது பிரெஸ்டோன் என்ற பெயரில் அமெரிக்கச் சந்தைக்கு உறைதடுப்பியாக வந்தது 1927இல்தான். கொதிநிலை மிக உயர்ந்ததாகையால் அது ஆவியாகித் தப்புவதில்லை. நீரும் கிளைக்காலும் சரிபாதியான கலவை கழித்தல் 37 டிகிரி வரையில் உறையாது. கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பாதுகாப்பு என்று எண்ணுவோர் இன்றும் உளர்; கலப்பற்ற கிளைக்காலோ கழித்தல் 13 டிகிரியிலேயே உறைந்துவிடுகிறது. கலவையின் திறனை அடர்த்திமானியால் அளப்பது வழக்கம். பின்னர்ப் புழக்கத்துக்கு வந்த புரோப்பிலீன் கிளைக்காலுக்கு அந்தக் கருவி சரியான விடை தராது.

கிளைக்காலுக்கு எதிரான வாதங்கள் அற்பமானவையல்ல. நீர் கசியாத நுண்ணிடைவெளியிலும் அது கசிகிறது. பழைய கேஸ்கெட்டின் வழியே எண்ணெய்க்குள் இறங்கினால் பேரிங்குகளைக் கெடுக்கும் பிசினாக மாறுகிறது. வெப்பத்தை ஏந்தும் திறன் நீரைவிடக் குறைவு, பாகுத்தன்மை அதிகம். ஆகவே பம்ப் இல்லாத வண்டிகளில் சுற்றோட்டம் மந்தமாகிக் கோடையில் கொதிக்கலாம். தித்திப்பான சுவையுள்ள விஷமாதலால், தரையில் சிந்தியதை நாய் நக்கினால் உயிர் போகும். அரிப்பைத் தடுக்க அதில் சேர்க்கும் மருந்துகள் காலத்தால் செயலற்றுப் போகும் என்பதை மறந்துவிட்டு, இருபது வருஷம் அதே திரவத்தை வைத்திருப்பவரும் உண்டு.

நீரையும் மாற்றாமல், இறக்கவும் இல்லாமல், சூட்டைக் கொண்டு பனியை எதிர்க்கும் மூன்றாம் வழியும் தோன்றியது. வடக்கு டக்கோட்டாவில் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃபிரீமன் என்பவர், சிலிண்டர் ஹெட்டின் போல்ட்டு ஒன்றையே மின்சாரச் சூடேற்றியாக அமைத்து 1949இல் உரிமம் பெற்றார். கிளப்புவதற்கு அது அருமையான சாதனம். உறைதடுப்பாக அதை நம்புவது மின்சாரத்தை நம்புவதாகும். பனிப்புயல் வரும் இரவில்தான் மின்கம்பிகளும் அறுந்து விழுகின்றன.

ஒட்டுவோரும் உருக்குவோரும் தைப்போரும்

உடைந்தபின் என்ன செய்வது என்பதில் நான்கு கட்சிகளைப் பிரித்தறியலாம். முதலாவது, அடைத்தல். வெல்டிங் பரவாத காலத்தில் இரும்பு அராத்தூளையும் நவச்சாரத்தையும் சிறிது கந்தகத்தையும் ஈரமாகப் பிசைந்து விரிசலில் திணிப்பார்கள்; அத்தூள் துருப்பிடித்துப் பெருத்து இறுகிக்கொள்ளும். மயிரிழை விரிசலாயின் நவச்சாரக் கரைசலை உள்ளே ஊற்றிச் சில நாள் விட்டு, இரும்பே தன் துருவால் தன்னை அடைத்துக்கொள்ளச் செய்வதும் உண்டு. சற்றுப் பெரிய பிளவுக்கு மேலே இரும்புத் தகட்டை வைத்து, இடையே ஈயவெண்மை தோய்த்த துணியைக் கொடுத்து, ஓரமெங்கும் திருகாணிகளால் இறுக்குவார்கள். அழகற்றதென்று இன்று கேலி செய்யப்படும் இத்தகைய ஒட்டுகள் சில, அரை நூற்றாண்டைக் கடந்தும் சொட்டாமல் நிற்கின்றன.

இதே கட்சியின் இக்கால வாரிசுகள் சோடியம் சிலிக்கேட் கரைசல்களும் எபாக்சிப் பசைகளும். கசிவடைப்பான்களை ஏளனம் செய்வோர், 1958இல் வட துருவத்தின் அடியாகச் சென்ற நாட்டிலஸ் என்னும் அணுசக்தி நீர்மூழ்கி, தன் கண்டென்சரிலிருந்த கசிவை மோட்டார்க் கடையில் வாங்கிய அடைப்பானால் நிறுத்தியதை நினைவில் கொள்ளலாம். ஆயினும் அடைப்பான் விரிசலுக்கும் ரேடியேட்டரின் குறுகிய குழாய்க்கும் பேதம் பார்ப்பதில்லை. சுற்றோட்டம் ஏற்கெனவே மந்தமான பழைய வண்டியில் அது ஒன்றைத் தீர்த்து வேறொன்றைத் தோற்றுவிக்கும். எபாக்சி சூட்டில் இரும்பைவிடப் பல மடங்கு விரிவடைவது; நன்கு சுரண்டிச் சுத்தம் செய்த, பளு இல்லாத வெளிச்சுவரில் அது நெடுநாள் பிடிக்கும், எரியறைக்கு அருகில் பிடிக்காது. இவற்றுக்கு எதிரான மிகக் கடுமையான குற்றச்சாட்டு அவை தோற்றுப்போவதன்று, தோற்றபின் விட்டுச்செல்லும் எச்சமே. பசையும் சிலிக்கேட்டும் ஊறிய விரிசலில் பிறகு எந்த உலோகமும் ஒழுங்காகப் பற்றாது.

இரண்டாவது கட்சி உருக்கிச் சேர்ப்பது. ஆக்சி-அசிட்டிலீன் சுடர் 1903இல் பிரான்சில் நடைமுறைக்கு வந்தபின் இது சாத்தியமாயிற்று. இடையூறு வார்ப்பிரும்பின் இயற்கையிலேயே இருக்கிறது. அதிலுள்ள கரி ஏறத்தாழ மூன்று சதவீதத்துக்கு மேல். உருகி விரைவாகக் குளிர்ந்தால் பற்றுக்கோட்டின் ஓரம் கண்ணாடிபோல் கடினமாகி, குளிரும் சுருக்கத்தில் புதிய விரிசல் பழையதன் பக்கத்திலேயே ஓடும். ஆதலால் பிளாக் முழுவதையும் கரியடுப்பில் 600 டிகிரி அளவுக்குக் காய்ச்சி, அச்சூட்டிலேயே வார்ப்பிரும்புக் கம்பியால் பற்றவைத்து, மணலிலோ சுண்ணாம்பிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும் என்பது பழையோர் கொள்கை. சரியாகச் செய்தால் இதற்கு நிகரில்லை. தவறினால் சிலிண்டர்கள் கோணும், சமதளங்கள் வளையும், திரும்பவும் கடைசல் வேலை வரும். மறுதரப்பார் காய்ச்சாமலே, நிக்கல் கம்பியால் ஓர் அங்குலம் மட்டும் பற்றவைத்து, உடனே சுத்தியலால் மெல்லத் தட்டி இழுவிசையைத் தணித்து, கை வைக்கும் அளவுக்கு ஆறியபின் அடுத்த அங்குலத்துக்குப் போவார்கள். கையின் பொறுமையைப் பொறுத்தே வெற்றி. அவசரக்காரரிடம் இம்முறை படும் பாட்டைக் கண்டுதான், வார்ப்பிரும்பைப் பற்றவைக்கவே முடியாது என்ற பொதுவழக்கு பிறந்திருக்கும் போலும்.

அடைத்தலுக்கும் உருக்கலுக்கும் நடுவே நிற்கும் மூன்றாவது கட்சி பித்தளைப் பற்று. இரும்பை உருக்காமல், செம்பும் துத்தநாகமும் கலந்த கம்பியை 900 டிகிரிக்குச் சற்றுக் குறைந்த சூட்டில் அதன்மேல் ஓடவிடுவது. கடினமாகும் அபாயம் குறைவு. நீருறைச் சுவருக்கு மிகப் பொருத்தம். ஆயின் விரிசலுக்குள் ஊறிய எண்ணெயையும் துருவையும் முற்ற நீக்காவிடில் பித்தளை ஒட்டாது. எரியறையின் வெப்பத்தில் அதன் வலிமையும் குன்றும்.

நான்காவதான தைத்தல் முறை, 1930களில் டெக்சஸ் எண்ணெய் வயல்களில், நெருப்பை மூட்டினால் வயலே எரிந்துவிடக்கூடிய இடங்களில் உடைந்த வார்ப்புகளைச் சீர்ப்படுத்தும் தேவையிலிருந்து உருவாயிற்று. விரிசலுக்குக் குறுக்கே வரிசையாகத் துளையிட்டு, அவற்றில் உலோகப் பூட்டுகளை அறைந்து, விரிசலின் நெடுகிலும் ஒன்றையொன்று கவ்வும் திருகாணிகளை இறக்கி, மேலே இழைத்துவிடுவார்கள். வெப்பமே இல்லாமையால் கோணலும் இல்லை. சாதாரணத் திருகின் மறை, ஆப்பைப்போல் விரிசலை மேலும் விரிக்க முயலும்; பிற்காலத்தில் கொக்கி வடிவ மறை வந்தபின் இரு கரைகளையும் உள்ளே இழுத்துப் பிடிக்க முடிந்தது. இம்முறையை இன்று பலர் மிக உயர்த்திப் பேசுகிறார்கள். பெரும்பாலும் தகுதியான புகழ்தான். ஆனால் திருகு பிடிப்பதற்குச் சுவரில் கனம் வேண்டும். நூறு வயதான ஃபோர்ட்சனின் நீருறை உட்புறம் துருவேறித் தேய்ந்து தகடாகிவிட்டிருந்தால், தையலுக்கு இடமே இராது.

இச்சர்ச்சை முழுவதையும் பார்க்கும்போது, ஒவ்வொரு கட்சியும் தான் வென்ற விரிசலையே எல்லா விரிசலுக்கும் பிரதிநிதியாக நிறுத்திக்கொண்டு பேசியதாகத் தோன்றுகிறது. வெளிச்சுவரில் தகட்டொட்டு வென்றதைக் கொண்டு வால்வு இருக்கைக்கும் அதைச் சிபாரிசு செய்ய முடியாது; வால்வு இருக்கையில் பித்தளை தோற்றதைக் கொண்டு நீருறைச் சுவரில் அதை இகழவும் கூடாது. முதலில் இடம், பிறகு சுவரின் கனம், அதன் பின்னரே முறை என்னும் வரிசையைப் பெரும்பாலான விவாதங்கள் தலைகீழாக்கிவிடுகின்றன.

தீராத வினாக்கள்

தடுப்பு விஷயத்தில், நாள்தோறும் ஓடும் வண்டிக்குத் தகுந்த மருந்தேற்றிய சரிபாதிக் கிளைக்கால் கலவையே ஏற்றது என்பதில் இன்று பெரிய கருத்து வேற்றுமை இல்லை. ஆண்டில் மூன்று நாள் ஓடும் காட்சி வண்டிக்கும் அதுவே ஏற்றதா, அல்லது முற்றிலும் வற்றடித்து உலர்த்தி வைப்பதே மேலா என்பது முடிவாகவில்லை. உலர்ந்த இரும்பில் துரு எவ்வளவு ஏறும் என்பது கொட்டகையின் ஈரத்தைப் பொறுத்தது. மானிடோபாவின் வறண்ட குளிருக்குச் சரியான விடை, கடலோர ஸ்காட்லாந்துக்குச் சரியாகாமல் போகலாம். 1990கள் முதல் பரவிய கரிம அமில வகை உறைதடுப்பிகள் பழைய ரேடியேட்டரின் ஈயப்பற்றையும் ரப்பரையும் கெடுக்கின்றன என்ற புகார் பலமாக எழுந்திருக்கிறது. அதை மறுப்போரும் உளர். எழுபது ஆண்டு பழைய பற்றின்மேல், நீண்டகாலம் அசையாமல் நிற்கும் திரவம் என்ன செய்கிறது என்பதை ஒழுங்காகச் சோதித்தாலன்றி இரு தரப்பும் அபிப்பிராயமாகவே இருக்கும். அதுவரையில் பழைய பச்சைநிற உறைதடுப்பி வகையையே நாடுவோரைப் பழமைவாதிகள் என்று ஒதுக்குவதற்கில்லை.

பழுதுபார்த்தலில் இன்னொரு வினா அண்மைக் காலத்தது. ஃபோர்ட்சன் எஃப் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டும், ஃபெர்குசன் டி.இ.20 ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டும் தயாரானவை. வேறொரு பிளாக்கைத் தேடிப் பொருத்துவது அங்கே நியாயமான ஐந்தாம் வழியாக எப்போதும் திறந்திருக்கிறது. ஜான் டியர் நிறுவனம் 1918இல் விலைக்கு வாங்கிய வாட்டர்லூ தொழிற்சாலையின் தொடக்க கால வண்டிகள் போன்ற அரியவற்றுக்கு அவ்வழி ஏறக்குறைய அடைபட்டதே. அப்படிப்பட்ட வண்டியில் 1930களின் உழவர் ஒருவர் திருகாணிகளால் இறுக்கிய தகட்டொட்டு இருந்தால், அதைப் பிடுங்கிவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத தையலை இடுவது சீர்ப்படுத்தலா, சரித்திரச் சான்றை அழித்தலா? ஓட்டிக் காட்ட விரும்பும் உரிமையாளரும் பேணிக் காக்க விரும்பும் அருங்காட்சியகத்தாரும் இதற்கு ஒரே விடையைத் தருவதில்லை. அந்த ஒட்டு இன்னும் சொட்டாமல் இருக்கும் வரையில் அவ்விடையை அவசரமாகத் தேடவேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை.